கிரேக்கக் காவிய வீரர்களின் பெருமையையும் பிழையையும் படிப்பது எப்படி: புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

கிரேக்கர்கள் டிராய் நகரை எதிர்த்து நடத்திய போரைப் பாடும் இலியடை முதன்முறையாகக் கையில் எடுப்பவர், கிரேக்கப் படையின் ஒப்பற்ற வீரன் என்று கேள்விப்பட்ட அகிலீஸ் முதல் படலத்திலேயே அரசனோடு பகைத்துக்கொண்டு போரிலிருந்து விலகிவிடுவதையும், தன் தரப்பினர் தோற்று மடியும்படி செய்ய வேண்டும் என்று தாயின் வழியாகத் தேவர்களின் தலைவன் ஸியூஸிடம் கேட்பதையும் கண்டு திகைப்பது இயல்பு. இவனையா மாவீரன் என்று மூவாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலமாக உலகம் பாடிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அடக்கிவிடாமல் கூடவே எடுத்துச்செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஹோமரின் பெயரில் வழங்கும் இரு காவியங்களும் அந்தக் கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டவை. ஒரு வீரனை உயர்த்தும் குணமும் அவனையும் அவனைச் சார்ந்தவர்களையும் அழிக்கும் குணமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதை இக்காவியங்கள் எந்தத் தயக்கமும் இன்றிக் காட்டுகின்றன. அதைப் படிப்படியாகக் கண்டுகொள்வதற்கான ஒரு வழியை இங்கே விவரிக்கிறேன்.

முதல் படி: நூலையும் வரிசையையும் தேர்ந்துகொள்ளுதல்

இலியட் 15,600க்கும் மேற்பட்ட அடிகளையும் ஒடிசி 12,100க்கும் மேற்பட்ட அடிகளையும் கொண்டவை; இரண்டும் 24 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றை இக்கட்டுரையில் படலங்கள் என்றே குறிப்பிடுகிறேன். ஆங்கிலம் வாசிக்க இயன்றவர், அடி எண்கள் அச்சிடப்பட்ட மொழிபெயர்ப்பைத் தேர்ந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஒரு படலத்தில் கண்ட சொல்லை இன்னொரு படலத்தில் கண்ட சொல்லோடு ஒப்பிட அடி எண் இல்லாமல் முடியாது. ரிச்மண்ட் லாட்டிமோரின் 1951ஆம் ஆண்டு இலியட் மூலத்தின் அடிகளை நெருக்கமாகப் பின்பற்றுவது. ராபர்ட் ஃபேகிள்ஸின் 1990ஆம் ஆண்டுப் பதிப்பு சற்றுத் தாராளமானது, ஆனால் வாய்விட்டு வாசிக்க ஏற்றது. எமிலி வில்சனின் ஒடிசி 2017இலும் இலியட் 2023இலும் வெளிவந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாமுவேல் பட்லரின் பழைய உரைநடை மொழிபெயர்ப்பை எடுப்பவர், அதில் தெய்வங்களுக்கும் வீரர் சிலருக்கும் ரோமானியப் பெயர்கள் இடப்பட்டிருப்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: ஸியூஸ் ஜோவ் ஆகவும், அதீனா மினர்வா ஆகவும், ஒடிஸியஸ் யுலிஸீஸ் ஆகவும் வருவார்கள்.

முழு நூலையும் ஒரே மூச்சில் முடிக்க முயன்று இரண்டாம் படலத்தின் கப்பல் பட்டியலில் களைத்து நின்றுவிடுபவர் பலர். முதல் வாசிப்பில் இலியடின் 1, 6, 9, 12, 16, 18, 19, 22, 24 ஆகிய ஒன்பது படலங்களை மட்டும் வரிசையாக வாசித்தால் போதும். குணம், முடிவு, விளைவு என்ற இழை அறுபடாமல் கைக்கு வந்துவிடும். கதை பத்தாண்டுப் போரின் இறுதியாண்டில் ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்குள் நடக்கிறது என்பதையும், மரக்குதிரையும் டிராய் நகரின் வீழ்ச்சியும் அகிலீஸின் மரணமும் இலியடுக்குள் நிகழ்வதில்லை என்பதையும் நினைவில் கொண்டால், இல்லாததைத் தேடி ஏமாற நேராது.

இரண்டாம் படி: அவர்கள் எதற்காகப் போரிடுகிறார்கள் என்று அறிதல்

பன்னிரண்டாம் படலத்தில், டிராய்க்குத் துணையாகப் போரிடும் லிசியா நாட்டுத் தலைவன் சார்பெடான் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசும் சிறிய உரையை மற்ற எதற்கும் முன்பாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். லிசியாவில் நமக்கு மட்டும் ஏன் முதல் இருக்கையும் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் வளமான நிலமும் தருகிறார்கள் என்று அவன் கேட்கிறான். முன்வரிசையில் நின்று போரிடுகிறோம் என்பதால்தான் என்று அவனே விடையும் சொல்கிறான். இந்தப் போரிலிருந்து தப்பினால் மூப்பும் சாவும் இன்றி என்றென்றும் வாழலாம் என்றால் நானும் முன்வரிசையில் நிற்கமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன்; எப்படியும் சாவு உண்டு என்பதால் போவோம் என்று முடிக்கிறான். இந்த வீரர்களின் உலகில் மதிப்பு என்பது மனத்துக்குள் இருக்கும் உணர்வு மட்டும் இல்லை. அது பலர் முன்னிலையில் பங்கிட்டுத் தரப்படும் பொருள். போர்ப்பரிசு அதன் கண்ணுக்குத் தெரியும் வடிவம். அந்தப் பரிசைப் பறிப்பது, உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய இடத்தையே பறிப்பதாகும். இது விளங்கினால்தான் அகிலீஸின் கோபத்துக்கு ஒரு நியாயம் இருப்பதும், அந்த நியாயம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதும் தெரியும்.

அதே வேளையில், அகிலீஸிடமிருந்து அரசன் பறிக்கும் அந்தப் பரிசாக இருப்பவள் பிரிசெயிஸ் என்ற பெண் என்பதைக் காவியமே மறக்கவில்லை. தன் கணவனையும் மூன்று சகோதரர்களையும் போரில் இழந்து சிறைப்பட்ட அவள், பத்தொன்பதாம் படலத்தில் அகிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸின் உடல்மீது விழுந்து அழும்போது பேசும் சொற்களைத் தவறவிடக் கூடாது. வீரத்தின் கணக்கில் பொருளாக எண்ணப்பட்டவள் அங்கே தன் கணக்கைச் சொல்கிறாள்.

மூன்றாம் படி: எச்சரித்தவர் யார் என்று கேட்டல்

ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) வரைந்துகொள்ளுங்கள். ஒரு வீரன் பெரிய முடிவை எடுக்கும் இடத்தில், அவனை எச்சரித்தவர் யார், அவன் சொன்ன பதில் என்ன, அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். இக்காவியங்களில் பெரிய பிழைகள் அநேகமாக எச்சரிக்கை இல்லாமல் நிகழ்வதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருப்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், வீரன் தன் பெருமைக்கு உகந்த ஒரு காரணத்தைச் சொல்லி அதைத் தள்ளிவிடுவான். ஒரு பாத்திரத்துக்குப் பேராசை, ஆணவம், முன்கோபம் என்று அடைமொழி சூட்டுவதைவிட இந்த மூன்று பத்திகளும் அதிகம் கற்பிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் படலத்தில் இதைச் செய்து பாருங்கள். அப்போலோ தெய்வத்தின் பூசாரி கிரைசெஸ், சிறைப்பட்ட தன் மகளை மீட்க ஏராளமான பணயப் பொருளோடு வருகிறார். பூசாரியை மதித்துப் பொருளை ஏற்றுக்கொள்ளும்படி படையினர் அனைவரும் குரல் கொடுக்கிறார்கள்; படைத்தலைவனாகிய அரசன் அகமெம்னான் ஒருவன் மட்டும் அவரை மிரட்டி விரட்டுகிறான். விலை கொடுப்பவர்கள் படையினர்: ஒன்பது நாட்கள் அப்போலோ ஏவிய கொள்ளைநோய் பாளையத்தைச் சூறையாடுகிறது. பிறகு பெண்ணைத் திருப்பியனுப்ப நேர்ந்ததும் அதற்கு ஈடாக அகிலீஸின் பிரிசெயிஸைப் பறிக்கப் போவதாக அவன் அறிவிக்க, முதியவர் நெஸ்டர் எழுந்து இருவரையும் எச்சரிக்கிறார். வலிமை உன்னிடம் இருந்தாலும் அவனுடைய பரிசை எடுக்காதே என்று அகமெம்னானிடமும், செங்கோல் ஏந்திய அரசனோடு எதிர்த்து மோதாதே என்று அகிலீஸிடமும் அவர் சொல்கிறார். இருவரும் கேட்கவில்லை.

நான்காம் படி: ஒன்பதாம் படலத்தில் நிதானித்தல்

இலியடில் ஒரே ஒரு படலத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு ஒன்பதாவதைச் சொல்வேன். டிராய் வீரர்கள் கப்பல்களை நெருங்கிவிட்ட நிலையில் அகமெம்னான் தன் தவற்றை ஒப்புக்கொண்டு ஈடு தர முன்வருகிறான்: ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், லெஸ்போஸ் தீவின் ஏழு பெண்கள், அவர்களோடு பிரிசெயிஸ், பின்னர் ஏழு நகரங்களும் தன் மகள்களில் ஒருத்தியும். ஆனால் பட்டியலின் முடிவில், அவன் எனக்கு அடங்கட்டும், நானே பெரிய அரசன் என்றும் சேர்க்கிறான். தூது செல்லும் ஒடிஸியஸ் பட்டியலை ஏறக்குறைய அப்படியே ஒப்பித்து, அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் விட்டுவிடுகிறான். இரு இடங்களையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். அகமெம்னானின் குறையும் ஒடிஸியஸின் திறமையும் ஒருசேரத் தெரியும். அந்தச் சொற்கள் தன் காதில் விழாமலேயே, மனத்தில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்பவனை நரகத்தின் வாயிலைப் போல வெறுக்கிறேன் என்று அகிலீஸ் பதிலைத் தொடங்குகிறான்.

அவன் பதில் முழுவதையும் மெதுவாக வாசிக்க வேண்டும். முனைந்து போரிட்டவனுக்கும் ஒதுங்கி நின்றவனுக்கும் ஒரே பங்குதான், கோழையும் வீரனும் ஒரே மதிப்பைத்தான் பெறுகிறார்கள் என்கிறான். இங்கேயே தங்கிப் போரிட்டால் வீடு திரும்புதல் இல்லை, ஆனால் அழியாப் புகழ் உண்டு. வீடு திரும்பினால் புகழ் இல்லை, ஆனால் நெடிய ஆயுள் உண்டு என்று தாய் சொன்ன இரு வழிகளையும் எடுத்துவைக்கிறான். எந்தக் கணக்கின்மேல் சார்பெடானின் உலகம் நிற்கிறதோ அந்தக் கணக்கையே இந்தப் பதில் அசைத்துவிடுகிறது. இந்த இடம்வரை அகிலீஸின் பக்கமே நிற்கிறேன். அவமதிப்பைப் பொருளால் மூடிவிட முடியாது என்பதில் அவன் சொல்வது சரி.

ஆனால் அவன் பதிலுக்குப் பிறகு இன்னும் இருவர் பேசுகிறார்கள். அவனைக் குழந்தையாக மடியில் வைத்து வளர்த்த பீனிக்ஸ், கோபித்து ஒதுங்கி, பரிசுகள் வந்தபோது ஏற்காமல், கடைசியில் பரிசும் இன்றிப் போரிட நேர்ந்த மெலியேகரின் கதையைச் சொல்கிறார். சுருங்கப் பேசும் கிரேக்க வீரன் அயாஸ், மகனைக் கொன்றவனிடம்கூட ஈட்டுப்பொருள் பெற்று மனம் ஆறுகிறவர்கள் உண்டு, நீயோ ஒரு பெண்ணுக்காக நண்பர்களின் அன்பைத் தூக்கி எறிகிறாய் என்கிறான். நீ சொல்வதெல்லாம் எனக்கும் சரியாகத்தான் படுகிறது, ஆனால் அந்த அவமதிப்பை நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது என்று அகிலீஸ் அயாஸிடம் ஒப்புக்கொள்கிறான். குறிப்பேட்டின் இரண்டாம் பத்தியில் இதை எழுதிக்கொள்ளுங்கள். அறியாமையால் அவன் தவறவில்லை. சரியென்று அறிந்ததைச் செய்ய விடாத ஒன்று அவனுக்குள் இருக்கிறது, அதை அவனே பெயர் சொல்லிக் காட்டுகிறான்.

ஐந்தாம் படி: நல்லவன் எப்படித் தவறுகிறான் என்று பார்த்தல்

பதினாறாம் படலத்துக்கு வரும்போது மூன்றாம் பத்தி நிரம்பத் தொடங்கும். பட்ரோக்ளஸ் மென்மையானவன்; அவன் இறந்த பிறகு, எல்லோரிடமும் கனிவாக இருந்தவன் என்று அகமெம்னானின் தம்பி மெனிலாஸும், தன்னிடம் எப்போதும் அன்பாகப் பேசியவன் என்று பிரிசெயிஸும் சான்று சொல்கிறார்கள். காயமுற்ற தோழர்களுக்காக அழுதே அகிலீஸின் கவசத்தை அணிந்து களம் புக அனுமதி கேட்கிறான். கப்பல்களைக் காத்ததும் திரும்பி வா, நகரத்தை நோக்கிப் போகாதே, அப்போலோ அவர்கள்மீது அன்புடையவன் என்று அகிலீஸ் தெளிவாக எச்சரிக்கிறான். வெற்றியின் வேகத்தில் பட்ரோக்ளஸ் அதை மறந்து மதில்வரை போகிறான். அந்தச் சொல்லைக் காத்திருந்தால் சாவிலிருந்து தப்பியிருப்பான் என்று கவிஞரே இடைமறித்துச் சொல்கிறார். இரக்கத்தில் தொடங்கிய செயலே இப்படி முடிகிறது. அகிலீஸின் கோபத்துக்கான முழு விலையையும், அவன் உலகில் யாரைவிடவும் நேசித்த ஒருவன் கொடுக்கிறான்.

ஆறாம் படி: ஹெக்டரை நான்கு இடங்களில் பின்தொடர்தல்

புதிய வாசகர்கள் பெரும்பாலும் டிராயின் இளவரசனும் முதன்மை வீரனுமான ஹெக்டரைக் குறையற்ற நாயகனாகவும் அகிலீஸைக் கொடியவனாகவும் பிரித்துவிடுகிறார்கள். ஆறாம் படலத்தில் மனைவி அந்திரோமக்கியிடமும் தலைக்கவசத்தின் குஞ்சத்தைக் கண்டு அலறும் குழந்தையிடமும் அவன் காட்டும் அன்பை வாசித்தவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த உரையாடலிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது: வெளியே போகாதே, அத்தி மரத்தருகே மதில் எளிதில் ஏறக்கூடியதாக இருக்கிறது, படையை அங்கே நிறுத்து என்று அவள் போர்முறை பற்றியே ஆலோசனை தருகிறாள். கோழையைப் போல ஒதுங்கினால் டிராய் மக்களின் முகத்தில் விழிக்க வெட்கப்படுவேன் என்று அவன் பதில் சொல்கிறான்.

இந்த வெட்கத்தை அடுத்த மூன்று இடங்களிலும் பின்தொடருங்கள். பன்னிரண்டாம் படலத்தில், கழுகு தன் பிடியிலிருந்த பாம்பை நழுவவிட்ட சகுனத்தைக் கண்டு டிராய் வீரன் பாலிடமஸ் பின்வாங்கச் சொல்லும்போது, நாட்டுக்காகப் போரிடுவதே சிறந்த ஒரே சகுனம் என்று ஹெக்டர் முழங்குகிறான். தனித்து எடுத்தால் அது மிக உயர்ந்த வாக்கு. நூலுக்குள் அது ஒரு நல்ல ஆலோசனையைத் தள்ளிவிடும் சொல்லாகவும் இருக்கிறது. பதினெட்டாம் படலத்தில், ஹெக்டர் பிறந்த அதே இரவில் பிறந்தவனாகிய அதே பாலிடமஸ், அகிலீஸ் மீண்டும் எழுந்துவிட்டதால் இரவோடு இரவாக நகருக்குள் திரும்ப வேண்டும் என்கிறான். ஹெக்டர் மறுக்கிறான், படையினர் ஆரவாரித்து அவன் பக்கம் சேர்கிறார்கள். அதீனா அவர்கள் மதியைப் பறித்துவிட்டாள் என்கிறார் கவிஞர்.

விடிந்த பிறகு நடந்ததன் விளைவு இருபத்திரண்டாம் படலம். மதிலின்மேல் தந்தை பிரையாமும் தாய் ஹெக்குபாவும் கெஞ்ச, வாயிலுக்கு வெளியே தனியாக நிற்கும் ஹெக்டர் தன் நெஞ்சோடு பேசும் பகுதியை இருமுறை வாசியுங்கள். உள்ளே போனால் பாலிடமஸ்தான் முதலில் என்னைப் பழிப்பான், அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், என் மூர்க்கத்தால் மக்களை அழித்துவிட்டேன், தன் வலிமையை நம்பி ஹெக்டர் மக்களைக் கெடுத்தான் என்று என்னைவிடத் தாழ்ந்தவன் ஒருவன் சொல்லிவிடுவானே என்று அஞ்சுகிறான். பிழையை முழுவதும் உணர்ந்துவிட்டான்; இருந்தும் அந்தப் பிழைக்குக் காரணமான அதே வெட்கம் அவனை உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. ஊருக்காகப் போரிட வைத்ததும் அதுதான், ஊரைக் காப்பவன் இல்லாமல் ஆக்கியதும் அதுதான். பின்னர் அகிலீஸ் நெருங்கியதும் நடுங்கி ஓடி, நகரை மூன்று முறை சுற்றி, இறுதியில் நின்று எதிர்கொள்கிறான். ஓடியதை மறைக்காமல் சொன்ன கவிஞரின் நேர்மைக்காகவே இந்தப் படலத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கலாம்.

ஏழாம் படி: தெய்வங்களைக் கணக்கில் சேர்த்தல்

எல்லாவற்றையும் தெய்வங்கள் செய்கின்றன என்றால் வீரனைக் குறை சொல்வது எப்படி என்ற ஐயம் இங்கே எழும். பத்தொன்பதாம் படலத்தில் அகமெம்னான் இதையே தன் சாக்காக முன்வைக்கிறான்: நான் காரணமல்ல, ஸியூஸும் விதியும் என் மதியை மயக்கிவிட்டார்கள் என்கிறான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, மயங்கியவன் நான் என்பதால் ஈடும் நானே தருகிறேன் என்றும் சேர்க்கிறான். தெய்வம் தூண்டியது என்பது பொறுப்பை நீக்கிவிடுவதில்லை; ஒரே செயலுக்கு இரு காரணங்கள் அருகருகே நிற்கின்றன. ஒடிசியின் முதல் படலத்தில் ஸியூஸ், மனிதர் எங்களைப் பழிக்கிறார்கள், ஆனால் விதிக்கப்பட்டதற்கும் மேலான துன்பத்தைத் தம் பொறுப்பின்மையால் தாமே தேடிக்கொள்கிறார்கள் என்று முறையிட்டு, எச்சரித்தும் கேளாமல் அகமெம்னானைக் கொன்ற எகிஸ்தஸை எடுத்துக்காட்டாகச் சொல்வது இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய பகுதி.

எட்டாம் படி: தன் குறையை அறிந்தவனைக் காணுதல்

ஹெக்டரைக் கொன்ற பின்னும் ஆறாத அகிலீஸ் அவன் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். பன்னிரண்டு டிராய் இளைஞர்களைப் பட்ரோக்ளஸின் சிதையில் பலியிடுகிறான். இவற்றுக்குச் சமாதானம் தேட வேண்டாம். இறந்த உடலை அவன் அவமதிப்பதைக் கண்டு அப்போலோவே, இவன் இரக்கத்தைத் தொலைத்துவிட்டான் என்று தேவர் அவையில் கண்டிக்கிறான்.

அதன் பிறகுதான் இருபத்துநான்காம் படலத்தில் பிரையாம் இரவில் வந்து, தன் மகன்கள் பலரைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப்பார் என்கிறார். இருவரும் அழுகிறார்கள். பலரும் இந்த இடத்தோடு கோபம் கரைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள்; மூலம் அதைவிடக் கூர்மையானது. சற்று நேரத்தில் பிரையாம் உடலை உடனே தரும்படி அவசரப்படுத்த, என்னைச் சினமூட்டாதே என்று அகிலீஸ் சீறுகிறான். பிறகு உடலைப் பிரையாமின் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவும்படி பணிப்பெண்களுக்குச் சொல்கிறான்: மகனைக் கண்டால் முதியவர் கோபத்தை அடக்கமாட்டார், அப்போது தானும் பொங்கி அவரைக் கொன்றுவிடக்கூடும் என்ற அச்சம் அவனுக்கு இருக்கிறது. குணம் மாறவில்லை, ஆனால் அது எப்போது வெடிக்கும் என்பதை அறிந்து முன்கூட்டியே தடுக்கிறான். எச்சரிப்பவனும் கேட்பவனும் இப்போது ஒருவனே. ஈமச்சடங்குக்காகப் பதினொரு நாள் போரை நிறுத்திவைக்கவும் ஒப்புக்கொள்கிறான். இலியட் காட்டும் வீரத்தின் உச்சம் எனக்கு இதுதான்; போர்க்களத்தில் அவன் செய்த எதையும் இதற்கு மேலாக வைக்கமாட்டேன்.

ஒன்பதாம் படி: சில தவறான வழிகளைத் தவிர்த்தல்

அகிலீஸின் குதிகால் மட்டுமே காயப்படக்கூடியது என்ற கதை ஹோமரிடம் இல்லை. அது ரோமானியக் காலத்து நூல்களில் இடம்பெறுவது. இலியடின் இருபத்தோராம் படலத்தில் அஸ்டெரொபேயஸின் ஈட்டி அவன் கையைக் கீறிக் குருதி வரவே செய்கிறது. அவனுடைய குறை உடலில் இல்லை. அரிஸ்டாட்டிலின் கவிதையியலிலிருந்து எடுத்து எல்லா வீரனுக்கும் ஒரு குணக்கேட்டைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் பாடநூல்களில் பரவிக்கிடக்கிறது. அரிஸ்டாட்டில் அங்கே பேசுவது துன்பியல் நாடகத்தைப் பற்றி. தீமையால் அன்றி ஏதோ ஒரு தவற்றால் வீழ்பவனையே அவர் குறிப்பிடுகிறார். அந்தச் சட்டத்துக்குள் ஹெக்டரை அடைக்க முயன்றால் அவனுடைய வெட்கம் குறையா நிறையா என்ற உண்மையான கேள்வி காணாமல் போய்விடும்.

பத்தாம் படி: அதே குறிப்பேட்டோடு ஒடிசிக்குள் நுழைதல்

ஒடிசியில் 9, 12, 20, 22 ஆகிய படலங்களிலிருந்து தொடங்கலாம். ஒன்பதாம் படலத்தில், டிராயிலிருந்து வீடு திரும்பும் வழியில் நேர்ந்த தன் கதையைத் தானே சொல்லும் ஒடிஸியஸ், ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகையிலிருந்து பாலாடைக்கட்டிகளை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்று தோழர்கள் கெஞ்சியதையும், விருந்தினனுக்குரிய பரிசு கிடைக்குமா என்று பார்க்கத் தான் தங்கியதையும், கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறான். தோழர்களில் அறுவர் தின்னப்படுகிறார்கள். யாருமில்லை என்ற பொய்ப்பெயரால் தப்பியவன், கப்பலில் ஏறியதும் தோழர்கள் தடுத்தும் கேளாமல் தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்கிறான். பெயர் தெரிந்ததால்தான் பாலிஃபீமஸால் தன் தந்தையாகிய கடல் தெய்வம் போஸைடனிடம் சாபம் வேண்ட முடிகிறது. தோழர் அனைவரையும் இழந்து, பிறர் கப்பலில், காலம் கடந்து வீடு சேரட்டும் என்ற அந்தச் சாபம் அப்படியே பலிக்கிறது. புகழ் வேண்டுபவனுக்குப் பெயரில்லாமல் வெல்வது பொறுக்கவில்லை. இந்த வரிகளின் எதிரில் காவியத்தின் தொடக்க அடிகளையும் எழுதிவையுங்கள்: தோழர்கள் கதிரவனின் மாடுகளைத் தின்று தம் மூடத்தனத்தாலேயே அழிந்தார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. யார் விலை கொடுத்தார்கள், யார் காரணம் என்பதில் இரு கணக்குகள் இருப்பதை வாசகரே எடைபோட வேண்டியிருக்கிறது.

பிறகு இருபதாம் படலத்தில், பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டு முற்றத்தில் படுத்திருக்கும் அதே மனிதன், கொதிக்கும் தன் நெஞ்சை நோக்கி, பொறுத்துக்கொள், இதைவிடக் கொடியதை அந்தக் குகையில் பொறுத்தாய் என்று அடக்குவதைப் பாருங்கள். இருபத்திரண்டாம் படலத்தில், தன் மனைவி பெனெலப்பியை மணக்க வந்து கூடியிருந்த 108 பேரும் மடிந்து கிடக்க, ஆனந்தக் கூச்சலிட வாயெடுத்த செவிலி யூரிக்ளியாவைத் தடுத்து, இறந்தவர்கள்மேல் ஆர்ப்பரிப்பது பாவம் என்று சொல்கிறான். கப்பலில் நின்று கூவியவன் இப்போது கூவவில்லை. ஆனால் அதே படலத்தில் பணிப்பெண்கள் பன்னிருவரைக் கொல்லும்படி ஆணையிடுபவனும் அவன்தான், அவர்கள் தூக்கிலிடப்படுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு, எது கற்றுக்கொண்ட அடக்கம், எது அடங்காத வெறி என்று உங்கள் சொற்களில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அதை எழுதிய பிறகு, முதல் வாசிப்பில் விட்டுவைத்த படலங்களுக்குத் திரும்பலாம். இலியடில் ஐந்தாவதும் இருபத்துமூன்றாவதும் முதலில் வாசிக்கத் தக்கவை, ஏனென்றால் தெய்வத்தோடு மோதியும் உரிய இடத்தில் நிற்கத் தெரிந்த கிரேக்க வீரன் டையோமீடிஸை முன்னதிலும், பிறர் சண்டையை விலக்கிவைக்கும் அகிலீஸைப் பின்னதிலும் காணலாம்.